மனிதரைச் சோதித்துப் பார்ப்பது எப்படி? டேவிட் ஹியூம் காட்டும் வழி

18ஆம் நூற்றாண்டு ஸ்காட்லாந்துத் தத்துவ அறிஞர் டேவிட் ஹியூம் பற்றிய பேச்சு பெரும்பாலும் அவர் எதையெல்லாம் சந்தேகித்தார் என்பதிலேயே நின்றுவிடுகிறது. காரணத்தையும் விளைவையும் கட்டிவைக்கும் கயிறு கண்ணில் படவில்லை என்றார், அற்புதக் கதைகளை நம்ப மறுத்தார், தேடிப் பார்த்தும் ‘நான்’ அகப்படவில்லை என்றார். இவை எல்லாமே வேறொரு பெரிய வேலையின் வழியில் வந்து சேர்ந்தவை. அந்த வேலை என்ன என்பதை, 1739 ஜனவரிக் கடைசியில் லண்டனில் வெளிவந்த தன் முதல் நூலின் முகப்பிலேயே அவர் அச்சிட்டுவிட்டார். மனித இயல்பைப் பற்றிய ஆய்வு என்பது தலைப்பு. இயற்கை ஆராய்ச்சியில் பயன்படும் சோதனை முறையை மனிதர் சார்ந்த விஷயங்களுக்குள் கொண்டுவரும் முயற்சி என்பது அதன் கீழே உள்ள வரி. எழுதியவர் பெயர் இல்லை. அப்போது அவருக்கு வயது 27.

முன்னுரையில் அவர் சொல்லும் நியாயம் எளிமையானது. கணிதமோ இயற்பியலோ சமயமோ, எந்த அறிவாக இருந்தாலும் அதைத் தேடுவதும் எடைபோடுவதும் மனிதப் புலன்களும் மனித மனமும்தான். ஆகவே எல்லைக் கோட்டைகளை ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு காலம் கழிக்காமல் நேரே தலைநகரத்தின்மீதே படை நடத்துவோம் என்கிறார். தலைநகரம் என்பது மனித இயல்பு. அதைப் பிடிக்க அவரிடம் இருக்கும் ஒரே ஆயுதம் அனுபவமும் உற்றுநோக்கலும். மனத்தின் உள்சாரம் என்ன என்ற கேள்வியைத் தொடக்கத்திலேயே ஒதுக்கி வைக்கிறார். ஒரு கல்லின் உள்சாரம் நமக்கு எவ்வளவு தெரியாதோ, அவ்வளவு தெரியாதது மனத்தின் சாரமும். கல் எப்படி விழுகிறது என்று பார்ப்பதுபோல, மனம் எந்தச் சூழலில் எப்படி நடக்கிறது என்று மட்டும் பார்க்கலாம்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. அதை அவர் மறைக்கவில்லை. ஒரு பொருள் இன்னொன்றை எப்படிப் பாதிக்கிறது என்று தெரிய வேண்டுமானால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும். ஆனால் கோபத்தை ஆராய்வதற்காகக் கோபம் வரும் நிலைமையில் என்னை நானே வைத்துக்கொண்டால், ‘ஆராய்கிறேன்’ என்ற நினைப்பே அந்தக் கோபத்தின் இயல்பான ஓட்டத்தைக் கெடுத்துவிடும். வேண்டுமென்றே செய்யும் சோதனை இங்கே தன் விளைவைத் தானே மாற்றிவிடுகிறது. அதனால் அவர் வேறு வழி சொல்கிறார்: அறுவடை முடிந்த வயலில் சிந்திக் கிடக்கும் கதிரைப் பொறுக்குவதுபோல, மனித வாழ்க்கையில் தானாக நடந்துகொண்டிருக்கும் சோதனைகளைக் கவனமாகப் பொறுக்கிச் சேர்க்க வேண்டும். நாலு பேர் கூடும் இடத்தில், தொழிலில், பொழுதுபோக்கில் மனிதர் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று பார்த்து, பார்த்தவற்றை ஒன்றோடொன்று வைத்து ஒப்பிட வேண்டும். ஹியூமைத் தன் மனத்துக்குள் மட்டுமே பார்த்த வெறும் அகநோக்காளர் என்று சொல்பவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

பொறுக்கியதைச் சலித்துப் பார்க்க அவரிடம் சில கருவிகள் உண்டு. முதலாவது சொற்களுக்கானது. மனத்தில் இருப்பவற்றை அவர் இரண்டாகப் பிரிக்கிறார். நேரடியாக, அழுத்தமாக வந்து தாக்குபவை மனப்பதிவுகள்: சூடு, சிவப்பு, பொறாமை, பசி. அவற்றின் மங்கலான நகல்கள் எண்ணங்கள். எளிய எண்ணம் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு மனப்பதிவின் நகல் என்பது அவர் கண்ட பொது விதி. அன்னாசிப் பழத்தைத் தின்றே பார்க்காதவருக்கு அதன் சுவையை எவ்வளவு விளக்கினாலும் சரியான எண்ணம் உண்டாகாது என்பது அவர் தரும் சான்று. பிறவியிலேயே பார்வை இல்லாதவருக்கு நிறத்தின் எண்ணம் இல்லாமலிருப்பது இன்னொன்று.

இதைப் பயன்படுத்தும் முறை இப்படி. ஒரு பெரிய சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள்: ஆற்றல், சாரம், ஆன்மா, எதுவானாலும் சரி. அது கூட்டு எண்ணமானால் அதன் எளிய பாகங்களாகப் பிரியுங்கள். ஒவ்வொரு பாகமும் எந்த மனப்பதிவிலிருந்து வந்தது என்று கேளுங்கள். ஒன்றும் கிடைக்காவிட்டால், அந்தச் சொல்லுக்குப் பின்னால் பொருள் இல்லையோ என்று சந்தேகிக்க உங்களுக்கு நியாயம் கிடைத்துவிட்டது. சந்தேகிக்க மட்டும்தான். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். ‘மூலம் அகப்படவில்லை’ என்பதிலிருந்து ‘பொருளே இல்லை’ என்று ஒரே தாவலாகத் தாவுகிறார்கள். ஹியூம் அப்படித் தாவுவதில்லை, தேடும் இடத்தை மாற்றுகிறார். ஒரு பில்லியர்ட்ஸ் பந்து இன்னொன்றில் மோதுகிறது, மற்றது நகர்கிறது. இரண்டும் தொட்டன, முதலாவது முந்தியது, இதுபோலப் பல தடவை நடந்திருக்கிறது. இவ்வளவுதான் கண்ணுக்குத் தெரிகிறது. ‘கட்டாயம் நகர்ந்தே தீரும்’ என்பது பந்துகளில் எங்கும் இல்லை. ஆயிரம் முறை பார்த்தாலும் பந்துகளில் புதிதாக எதுவும் சேர்வதில்லை, பார்க்கிறவர் மனத்தில்தான் ஒன்று சேர்கிறது: முதல் பந்தைப் பார்த்ததும் அடுத்ததன் நகர்வை எதிர்பார்க்கும் பழக்கம். கட்டாயம் என்ற எண்ணத்தின் பிறப்பிடம் அங்கே கிடைக்கிறது.

இந்த விதிக்கு ஒரு விலக்கையும் அவரே எடுத்து வைக்கிறார். நீலத்தின் எல்லாச் சாயல்களையும் பார்த்த ஒருவர், ஒரே ஒரு சாயலை மட்டும் பார்த்ததில்லை. மற்றவற்றை வரிசையாக அடுக்கிக் காட்டினால் அந்த இடைவெளியை அவரால் கற்பனையில் நிரப்ப முடியும் என்கிறார் ஹியூம். அப்படியானால் நகல் இல்லாத எண்ணம் ஒன்று உண்டு. இது அபூர்வமானது, இதற்காகப் பொது விதியை மாற்ற வேண்டியதில்லை என்று அவர் நகர்ந்துவிடுவது பலருக்கு உறுத்துகிறது. எனக்கு அது நேர்மையாகவே படுகிறது. அவர் வைத்தது தருக்க விதி அல்ல, உற்றுநோக்கிக் கண்ட பொதுமை. அதற்கு விலக்கு இருக்கலாம். ஆனால் விலக்கு உள்ள விதியை வைத்து ஒரு சொல்லை ஒரே வெட்டில் வீழ்த்த முடியாது என்பதையும் கூடவே ஏற்றுக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது கருவி, காரணங்களைத் தீர்மானிக்கும் 8 விதிகள். முதல் நூலில் ‘முதல் புத்தகம்’ எனப்படும் பாகத்தில், மூன்றாம் பகுதியின் 15ஆம் பிரிவில், சில பக்கங்களுக்குள் அடங்கிவிடும். காரணமும் விளைவும் இடத்தாலும் காலத்தாலும் அடுத்தடுத்து இருக்க வேண்டும், காரணம் முந்த வேண்டும், இரண்டும் எப்போதும் சேர்ந்தே வர வேண்டும் என்ற முதல் மூன்றையும், ஒரே காரணம் ஒரே விளைவையே தரும் என்ற நான்காவதையும் விரைவாகக் கடந்துவிடலாம். வேலைக்கு உதவுபவை மற்ற நான்கு. வெவ்வேறு பொருள்கள் ஒரே விளைவைத் தந்தால், அவற்றுக்குள் பொதுவாக இருக்கும் ஏதோ ஒன்றே காரணம். ஒன்றுபோல் இருக்கும் இரண்டு பொருள்கள் வெவ்வேறு விளைவைத் தந்தால், அவை எதில் வேறுபடுகின்றனவோ அதுவே காரணம். காரணம் கூடக் குறைய விளைவும் கூடிக் குறைந்தால், அது பல பாகங்கள் சேர்ந்த விளைவு. கடைசியாக, ஒரு பொருள் முழுமையாக இருந்தும் சிறிது காலம் விளைவு வரவில்லையென்றால் அது தனியாகக் காரணமாக முடியாது, துணைக்கு இன்னொன்று வேண்டும்.

ஏழாவது விதிக்கு அவரே ஓர் எச்சரிக்கை சேர்க்கிறார். குளிரில் கொஞ்சம் வெப்பம் சுகம் தருகிறது, வெப்பம் குறைந்தால் சுகமும் குறைகிறது. அதனால் வெப்பத்தை ஏற்றிக்கொண்டே போனால் சுகமும் ஏறிக்கொண்டே போகும் என்று முடிவு கட்டினால் சுட்டுவிடும், ஓர் அளவுக்கு மேல் அது வலி. மனித விஷயங்களில் இந்தப் பிழை ஓயாமல் நடக்கிறது. கொஞ்சம் பாராட்டு ஒருவரை உழைக்க வைக்கிறது என்றால் நிறையப் பாராட்டு இன்னும் உழைக்க வைக்கும் என்று எண்ணுவது இதே பிழைதான். இந்த விதிகளைக் கண்டுபிடிப்பது சுலபம், பயன்படுத்துவது மிகக் கடினம் என்று அவரே சொல்லியிருக்கிறார். மனிதச் செயல்களில் சூழ்நிலைகள் பின்னிப் பிணைந்து கிடக்கின்றன, செயலுக்குக் காரணமான நோக்கமும் உணர்வும் எவ்வளவு கூர்ந்து பார்த்தாலும் நழுவிவிடுகின்றன என்பது அவர் சொல்லும் காரணம்.

விதி பொய்க்கும்போது என்ன செய்வது? நின்றுபோன கடிகாரத்தைப் பார்த்து ஒரு நாட்டுப்புறத்தார், ‘அது சில நேரம் ஓடாது’ என்கிறார். கடிகாரம் செய்பவர், வில்லின் விசை சக்கரங்களை எப்போதும் ஒரேமாதிரிதான் தள்ளும் என்று தெரிந்தவர், உள்ளே ஒரு தூசித் துகளைத் தேடுகிறார். மனிதர் முன்பின் முரணாக நடக்கும்போது ‘மனித மனம் அப்படித்தான்’ என்று விட்டுவிடாமல் தூசியைத் தேடச் சொல்கிறார் ஹியூம். தேடியும் அகப்படாவிட்டால் எண்ணிக்கையை அப்படியே முன்னால் வைத்துக்கொள்ளலாம். கடலுக்குப் போகும் 20 கப்பல்களில் 19 திரும்புகின்றன என்பது நீண்ட கால அனுபவமானால், இன்று துறைமுகத்தை விட்டுக் கிளம்பும் 20ஐப் பார்க்கும்போதும் 19 திரும்புவதாகவும் ஒன்று மூழ்குவதாகவும் மனத்தில் கொள்ள வேண்டும். நம்பிக்கையின் அளவு அனுபவத்தின் அளவுக்கு மேலே போகக்கூடாது.

இவ்வளவும் கருவிகள். அவை வேலை செய்வதைப் பார்க்க வேண்டுமானால் இரண்டாவது புத்தகத்துக்குப் போக வேண்டும். தத்துவ வகுப்புகளில் அதிகம் தொடப்படாத புத்தகம் இது. என் கணக்கில் ஹியூமின் முறை முழு வீச்சில் தெரிவது இங்கேதான்.

அவர் எடுத்துக்கொள்வது நான்கு உணர்ச்சிகள்: பெருமை, சிறுமை, அன்பு, வெறுப்பு. முதல் இரண்டும் தன்னைக் குறித்தவை, பின் இரண்டும் பிறரைக் குறித்தவை. பெருமையும் அன்பும் இனிப்பவை, சிறுமையும் வெறுப்பும் வலிப்பவை. பெருமை எப்போது வருகிறது? ஒருவர் தன் அழகான வீட்டைப் பற்றிப் பெருமைப்படுகிறார் என்று வையுங்கள். அங்கே இரண்டு தொடர்புகள் இருக்கின்றன. வீடு அவருடையது, அது எண்ணத்தின் தொடர்பு. வீட்டின் அழகு, யாருடையதாக இருந்தாலும், தானாகவே மகிழ்ச்சி தரக்கூடியது. அந்த மகிழ்ச்சி பெருமை என்ற மகிழ்ச்சியை ஒத்தது, அது உணர்வின் தொடர்பு. இரண்டும் சேர்ந்தால்தான் பெருமை பிறக்கும் என்பது அவருடைய கருதுகோள். இதைச் சரிபார்க்க 8 சோதனைகளை வரிசையாக வைக்கிறார்.

முதலில் இரண்டு தொடர்பையும் எடுத்துவிடுகிறார். நானும் ஒரு நண்பரும் நிற்கிறோம், எதிரே ஒரு சாதாரணக் கல். அது யாருடையதும் இல்லை, பார்க்க இன்பமும் இல்லை துன்பமும் இல்லை. நான்கு உணர்ச்சிகளில் ஒன்றும் வராது. அடுத்து ஒரு தொடர்பை மட்டும் சேர்க்கிறார்: அந்தக் கல் இருவரில் ஒருவருக்குச் சொந்தம். அப்போதும் ஒன்றுமில்லை. மூன்றாவதில் மற்றத் தொடர்பை மட்டும் சேர்க்கிறார். இருவருக்கும் புதிதான நாட்டில் பயணம் போகிறோம். காட்சிகள் அழகு, சாலைகள் நன்று, விடுதிகள் வசதி. மனம் மலர்கிறது. ஆனால் அந்த நாடு நம்முடையது இல்லை என்பதால் அதைப் பற்றிப் பெருமையும் எழாது, அதனாலேயே நண்பர்மீது அன்பும் பிறக்காது. பிறகு இரண்டையும் சேர்க்கிறார். என்னிடம் உள்ள ஒரு நற்குணம் எனக்குப் பெருமை தருகிறது. அதே குணத்தை நண்பருக்கு மாற்றுங்கள், அன்பாகிறது. நற்குணத்தைத் தீக்குணமாக்குங்கள், வெறுப்பு. தீக்குணத்தை என்னிடம் திருப்புங்கள், சிறுமை. அதை மறுபடி நற்குணமாக்கினால் தொடங்கிய இடத்துக்கே வந்துவிட்டோம். ஒவ்வொரு அடியிலும் ஒன்றை மட்டும் மாற்றி, மற்றதைத் தொடாமல் வைத்திருக்கிறார்.

இவை ஆய்வுக்கூடத்தில் நடந்தவை இல்லை, வாசிப்பவர் தன் அனுபவத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்க்க வேண்டியவை. ஆனாலும் வெறும் ஒப்புக்கு அடுக்கியவையும் இல்லை என்பதற்குச் சான்று அடுத்து வருகிறது. கருதுகோளின்படி உணர்ச்சி இரு திசையிலும் ஒன்றுபோல் ஓட வேண்டும். என் சகோதரரின் நற்குணம் முதலில் அவர்மேல் அன்பை எழுப்புகிறது, அந்த அன்பு எளிதாக என் பெருமையாக மாறுகிறது. சரி. திருப்பிப் போட்டால்? என் நற்குணத்தால் எனக்கு வந்த பெருமை, சகோதரர்மேல் அன்பாக மாற வேண்டும். மாறுவதில்லை. ஹியூம் இதைப் பூசி மெழுகவில்லை. இன்னொரு காரணத்தைச் சேர்க்கிறார்: கற்பனை தொலைவிலிருந்து பக்கத்துக்கு எளிதாக வரும், பக்கத்திலிருந்து தொலைவுக்குத் தயங்கித்தான் போகும். தன்னைவிடப் பக்கத்தில் ஒருவருக்கு எதுவும் இல்லை.

இதற்கு முன்பே பெருமைக்கு 5 வரம்புகளை அவர் குறித்திருக்கிறார். விருந்தில் உண்பவர் எல்லோருக்கும் மகிழ்ச்சி உண்டு, பெருமை விருந்து கொடுத்தவருக்கே. வெறுமனே போய் உண்டு வந்த ஒரு பெரிய விருந்தைச் சொல்லிப் பெருமை அடிப்பவர்களும் உண்டு என்பதை அவர் விட்டுவிடவில்லை. அங்கே மெல்லிய தொடர்பொன்று போதுமானதாகிவிடுகிறது. நீண்ட நோய்க்குப் பின் உடல்நலம் திரும்புவது பெரிய இன்பம். ஆனாலும் அதைப் பற்றி யாரும் பெருமை பேசுவதில்லை, ஏனென்றால் உடல்நலம் எண்ணற்ற பேருக்கு உண்டு. பெருமைக்கு உரியது நமக்கோ சிலருக்கோ மட்டும் இருக்க வேண்டும், பிறர் கண்ணில் பட வேண்டும், சட்டென்று மறையாததாக இருக்க வேண்டும். இப்படி மகிழ்ச்சி இருந்தும் பெருமை இல்லாத இடங்களைத் தேடிப் போவதுதான் இந்த முறையின் உயிர் என்று நினைக்கிறேன். கருதுகோளுக்கு ஒத்துவரும் உதாரணங்களை அடுக்குவது யாராலும் முடியும்.

பிறர் உணர்வு நமக்குள் வரும் வழியையும் இதே பொறுமையோடு படிப்படியாகப் பிரிக்கிறார். அறுவைச் சிகிச்சை இன்னும் தொடங்கவில்லை. கருவிகளை எடுத்து வைக்கிறார்கள், கட்டுத்துணிகள் வரிசையாக இருக்கின்றன, இரும்பு காய்கிறது, நோயாளியின் முகத்தில் கலக்கம். பார்ப்பவருக்கு அதற்குள் நெஞ்சு பதறுகிறது. வலியை அவர் பார்க்கவில்லை, அதன் காரணங்களையும் அடையாளங்களையும்தான் பார்த்தார். அவற்றிலிருந்து வலியின் எண்ணம் வருகிறது, எண்ணம் அழுத்தம் பெற்று மனப்பதிவாகவே ஆகிவிடுகிறது.

1748இல் வந்த, மனித அறிவாற்றல் பற்றிய நூலில் பொறுக்கும் வயலை அவர் அகலமாக்குகிறார். போர்கள், சூழ்ச்சிகள், கட்சிச் சண்டைகள், புரட்சிகள் பற்றிய வரலாற்றுப் பதிவுகள் எல்லாம் மனித இயல்பைக் காட்டும் சோதனைத் தொகுப்புகளே. தப்பிக்க நினைக்கும் கைதியை அங்கே காட்டுகிறார். கையில் பணமில்லை, செல்வாக்கும் இல்லை. சுவரையும் கம்பியையும் பார்ப்பதுபோலவே சிறைக்காவலரின் உறுதியையும் பார்க்கிறார். சொல்லப்போனால் காவலரின் மனத்தை மாற்றுவதைவிடக் கல்லையும் இரும்பையும் அறுப்பதையே தேர்ந்தெடுக்கிறார். மனிதச் செயலைப் பற்றி நாம் செய்யும் ஊகமும் பொருள்களைப் பற்றிச் செய்யும் ஊகமும் ஒரே சங்கிலியில் கோத்தவை என்பதை இதைவிடச் சுருக்கமாகக் காட்ட முடியாது.

அதே 1748இல் வெளியான, நாடுகளின் குணம் பற்றிய அவருடைய கட்டுரை விதிகளின் நல்ல பயன்பாட்டுக்கும் மோசமான மீறலுக்கும் ஒருசேர உதாரணம். ஒரு நாட்டு மக்களின் குணத்துக்குத் தட்பவெப்பம் காரணமா, அல்லது ஆட்சி, வறுமை, வழக்கம் போன்றவை காரணமா என்பது கேள்வி. பழைய கிரேக்க நகரங்களான ஏதென்சுக்கும் தீப்ஸுக்கும் ஒரு நாள் பயணத் தூரம்கூட இல்லை, வானிலை ஒன்றே, குணமோ வேறு. சீனப் பேரரசு முழுவதிலும் வானிலை இடத்துக்கு இடம் வேறு, பழக்கவழக்கமோ ஒன்றுபோல. ஆக, தட்பவெப்பம் காரணமில்லை. ஆறாவது விதியும் ஐந்தாவது விதியும் துல்லியமாக வேலை செய்யும் இடம் இது.

இந்தக் கட்டுரையில்தான் 1753இல் ஓர் அடிக்குறிப்பைச் சேர்த்தார். கறுப்பின மக்கள் வெள்ளையரைவிட இயற்கையிலேயே தாழ்ந்தவர்கள் என்று சந்தேகிப்பதாக எழுதினார். ஜமைக்காவில் கல்வியில் சிறந்த ஒருவரைப் பற்றிக் கேள்விப்பட்டும், சில சொற்களைச் சொல்லும் கிளியோடு ஒப்பிட்டுத் தள்ளினார். அந்த மனிதர் லத்தீனில் கவிதை எழுதிய பிரான்சிஸ் வில்லியம்ஸ் என்பது ஆய்வாளர்கள் ஏற்ற செய்தி. இது அக்காலத்து வழக்கம் என்று சொல்லிக் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் அவருடைய சொந்த விதிகளே இதைத் தடுத்திருக்க வேண்டும். நிறம் வேறு என்றால் அடிமைத்தனமும் கல்வி மறுப்பும்கூட வேறாக இருந்தன. மூன்றும் சேர்ந்து மாறும் இடத்தில் ஒன்றைமட்டும் காரணம் என்று சொல்ல ஆறாவது விதி இடம் தராது. விதிக்கு எதிரான ஒரு சான்று கிடைத்தபோது, கடிகாரக்காரரைப்போல உள்ளே பார்க்காமல் சான்றையே குறைசொன்னார். ஐரிஷ்காரருக்கு நகைச்சுவை வராது, பிரெஞ்சுக்காரருக்கு ஆழம் கிடையாது என்பவர்கள், கண்ணெதிரே மாறான ஒருவர் நின்றாலும் அவசரப் பொதுவிதியை விடமாட்டார்கள் என்று முதல் நூலில் முன்தீர்ப்பை விளக்கியவரும் இவரேதான். 1770இல் ஸ்காட்லாந்துத் தத்துவப் பேராசிரியர் ஜேம்ஸ் பீட்டி இந்தக் குறிப்பைக் கடுமையாக எதிர்த்து எழுதினார். 1776இல் ஹியூம் இறந்தபின் அடுத்த ஆண்டு வந்த பதிப்பில் குறிப்பு திருத்தப்பட்டிருந்தது, ஆனால் அந்தத் தாழ்த்தும் கூற்று நீங்கவில்லை. 2020இல் எடின்பரோ பல்கலைக்கழகம் அவர் பெயர் கொண்ட கட்டடத்தின் பெயரை மாற்றியதற்கு இந்தக் குறிப்பே காரணம்.

முறையின் பலவீனம் எங்கே என்பதையும் இது காட்டுகிறது. பொறுக்கியது எந்த வயலில் என்ற கேள்வியை 8 விதிகளில் ஒன்றும் கேட்பதில்லை. பனிக்கட்டியைப் பற்றிய செய்தியை நம்ப மறுத்த இந்திய அரசர் ஒருவரைப் பற்றி 1748 நூலில் ஹியூம் பேசுகிறார். அந்த அரசர் சரியாகவே சிந்தித்தார், ஆனால் அவருடைய அனுபவம் அவர் நாட்டு வானிலைக்குள் அடங்கியது, குளிர்நாட்டைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை என்பது ஹியூமின் கருத்து. இதையே தன் முடிவுகளுக்கும் பயன்படுத்தியிருந்தால் மிக நல்ல ஒன்பதாவது விதியாகியிருக்கும்.

படிக்கத் தொடங்குபவர்கள் முதல் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து எடுத்தால் வெளியும் காலமும் பற்றிய இரண்டாம் பகுதியில் சிக்கிக் கைவிட்டுவிடுவார்கள். முன்னுரையை மட்டும் முதலில் படியுங்கள், சில பக்கங்கள்தான். பிறகு 1740இல் பெயரில்லாமல் வெளிவந்த சுருக்கத்தை எடுங்கள். அதை எழுதியவர் ஹியூமே என்று பொருளியல் அறிஞர்கள் கெய்ன்ஸும் ஸ்ராஃபாவும் 1938இல் நிறுவினார்கள். அடுத்து 8 விதிகள், அதன்பின் இரண்டாம் புத்தகத்தில் பெருமையின் வரம்புகளும் 8 சோதனைகளும். சோதனைகளைப் படிக்கும்போது ஒரு தாளில் நான்கு உணர்ச்சிகளையும் சதுரமாக எழுதிக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் எது மாறியது, எது மாறவில்லை என்று குறித்துக்கொண்டே போங்கள். உங்கள் அனுபவத்தோடு ஒட்டாத படியில் நிறுத்தி, உங்களிடம் உள்ள எந்த உதாரணம் அதை மறுக்கிறது என்று எழுதிவிட்டு மேலே செல்லலாம்.